மறைந்த பெண் எங்கே போனாள்? மெலியெஸின் வெட்டும் ஒட்டும்

சினிமா வரலாற்றைப் பற்றிப் பேசும்போது, அதன் தொடக்க காலத்தில் மாய வித்தைப் படங்கள் எடுத்த பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் மெலியெஸ் பெயர் வந்துவிட்டால் அடுத்த வரி தயாராக இருக்கும். "கேமராவை நிறுத்தினார், ஆளை மாற்றினார், மறுபடி ஓட்டினார். அவ்வளவுதான் ட்ரிக்." கூடவே பாரிஸ் தெருவில் ஒரு பஸ் பிண வண்டியாக மாறிய கதையும் வரும். அந்தக் காலத்து ஜனங்கள் இதற்கே வாயைப் பிளந்தார்களாம் என்று ஒரு சிரிப்போடு பேச்சு முடிந்துவிடும்.

இதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் மீதிப் பாதியை யாரும் தேடிப் போவதில்லை. கேமராவை நிறுத்தி ஆளை எழுப்பி அனுப்பிவிட்டு மறுபடி ஓட்டினால், திரையில் ஆள் மறைய மாட்டார். ஒரு வெளிச்சப் பளிச்சும் ஒரு துள்ளலும் தெரியும். பார்க்கிறவருக்கு "இங்கே என்னவோ செய்திருக்கிறார்கள்" என்று பட்டென்று விளங்கிவிடும். உண்மையான வேலை படப்பிடிப்பு முடிந்த பிறகு, கத்தரியும் பசையும் இருக்கும் மேஜையில் நடக்கிறது. அதைப் புரிந்துகொள்ள மெலியெஸ் 1896-இல் எடுத்த ஒரு குட்டிப் படமே போதும்.

ஒரு நிமிடத்தில் ஒரு மேஜிக் ஷோ

படத்தின் பெயர் 'எஸ்காமொத்தாழ் தூன் தாம் ஷே ரொபேர்-ஊதான்'. ரொபேர்-ஊதான் அரங்கில் ஒரு பெண்ணை மறையச் செய்தல் என்று பொருள். நீளம் 20 மீட்டர். ஓட்டினால் ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டும்.

கோட்டு போட்ட ஒரு வித்தைக்காரர் வருகிறார். அவர்தான் மெலியெஸ். ஒரு பெண்ணை அழைத்து வருகிறார்; அவர் ழான் தால்சி, மெலியெஸின் பல படங்களில் நடித்தவர், பிற்காலத்தில் அவரை மணந்தவர். வித்தைக்காரர் தரையில் ஒரு செய்தித்தாளை விரித்து, அதன் மேல் நாற்காலி போட்டு, பெண்ணை உட்காரவைத்து, துணியால் மூடுகிறார். துணியை உருவினால் நாற்காலி காலி. திருப்பிக் கொண்டுவருகிறேன் பாருங்கள் என்று கைகளை வீசுகிறார். வந்து உட்காருவது ஓர் எலும்புக்கூடு! பதறிப்போய் அதைத் துணியால் மூடி எடுக்கிறார்; இப்போது பெண் அங்கே இருக்கிறார். இருவரும் வணங்குகிறார்கள்.

இந்த வித்தைக்காரர் யார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாரிஸில் செருப்புத் தொழிற்சாலை வைத்திருந்த குடும்பத்தில் 1861-இல் பிறந்தவர். 1884-இல் லண்டனுக்குப் போனபோது அங்கே எகிப்தியன் ஹால் என்ற அரங்கின் மேஜிக் காட்சிகளில் மயங்கினார். 1888-இல் குடும்பத் தொழிலில் தன் பங்கைச் சகோதரர்களிடம் விற்றுவிட்டு, அந்தக் காசில் பாரிஸின் ரொபேர்-ஊதான் அரங்கை வாங்கினார். ரொபேர்-ஊதான் 19-ஆம் நூற்றாண்டின் பெரிய மேஜிக் நிபுணர், கடிகாரம் செய்கிறவர். பின்னால் வந்த ஹூடினி தன் மேடைப்பெயரை அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார். ஆக, மெலியெஸ் கேமராவைத் தொடுவதற்கு முன்பே பல வருடங்கள் மேடையில் ஊறியவர். பேசிக்கொண்டிருக்கும் ஒரு பேராசிரியரின் தலையை வெட்டி எடுத்தும் அந்தத் தலை பேச்சை நிறுத்தாத மாதிரி ஒரு வித்தையை அவர் மேடையில் செய்திருக்கிறார். சிரிப்பும் மாயமும் அவரிடம் தொடக்கத்திலிருந்தே ஒன்றாகத்தான் இருந்தன.

மேடையில் அந்தப் பெண் எங்கே போவாள்?

பெண்ணை மறைக்கும் இந்த வித்தை மெலியெஸுடையது அல்ல. புவாட்டியே டி கோல்ட்டா என்ற பிரெஞ்சு வித்தைக்காரர் 1886-இல் அறிமுகப்படுத்தியது. மேடையில் அது பெரிய பரபரப்பு. செய்தித்தாள், நாற்காலி, துணி மூன்றும் அதிலேயே உண்டு.

செய்தித்தாள் எதற்கு? பார்வையாளர்களுக்கு முதலில் வரும் சந்தேகம், தரையில் ரகசியக் கதவு இருக்கிறதா என்பதுதான். தரையைத் தாளால் மூடிவிட்டால் சந்தேகம் அடங்கும். ஆனால் தரையில் கதவு இருந்தது. தாளிலும் அதற்கேற்ற வழி செய்யப்பட்டிருந்தது. துணி மூடியதும் பெண் கீழே இறங்கிவிடுவாள். துணிக்கு உள்ளே இருக்கும் ஒரு கம்பிச் சட்டம் அவள் தலையும் தோளும் இன்னும் அங்கேயே இருக்கிற தோற்றத்தைக் கொடுக்கும். துணியை உருவும்போது அவள் போய் வெகுநேரம் ஆகியிருக்கும். அதாவது மேடையில் பெண் மறைவது ஒரு கணத்தில்; நாம் அதை அறிவது வேறொரு கணத்தில். இந்த இடைவெளிதான் மேடை மேஜிக்கின் உயிர்.

இப்போது படத்துக்குத் திரும்புங்கள். மெலியெஸ் இதை மேடையில் எடுக்கவில்லை. பாரிஸுக்கு அருகே மோந்த்ரேய் என்ற ஊரில், தன் வீட்டுத் தோட்டத்தில், வெயிலில், வரைந்த பின்னணித் திரைக்கு முன்னால் எடுத்தார். அவருடைய கண்ணாடி ஸ்டூடியோ அடுத்த வருடம்தான் எழுந்தது. அங்கே ரகசியக் கதவும் இல்லை, கம்பிச் சட்டமும் தேவையில்லை. பெண் எழுந்து நடந்து போய்விடலாம். ஆனாலும் அவர் செய்தித்தாளை விரிக்கிறார்!

எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். தான் செய்யப்போகாத ஏமாற்றுக்கு எதிராக அவர் சாட்சி காட்டுகிறார். மேடை வித்தையை ஏற்கெனவே பார்த்திருக்கும் பாரிஸ்காரர்கள் தரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஏமாற்று நடக்கப்போவது தரையில் இல்லை, ஃபிலிமில்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: மேடையில் பெண் ஒரு வழியாக வெளியேறுகிறாள், அந்த வழியை மறைப்பதுதான் வித்தை. சினிமாவில் அவள் வெளியேறும் நேரமே பார்வையாளருக்குக் காட்டப்படுவதில்லை. அந்த நேரம் எங்கே போகிறது என்பதுதான் அடுத்த கேள்வி.

புரட்டினால் ஓடும் படம்

பள்ளிக்கூடத்தில் நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில், பக்கத்துக்குப் பக்கம் கொஞ்சம் நகர்த்தி ஒரு பந்தை வரைந்து, கட்டைவிரலால் சரசரவென்று புரட்டி விளையாடியிருப்பீர்கள். பந்து துள்ளும். ஒவ்வொரு பக்கத்திலும் இருப்பது அசையாத படம்தான். வேகமாக அடுத்தடுத்து வருவதால் நம் கண்ணும் மூளையும் சேர்ந்து அதை ஒரே ஓட்டமாகப் பார்க்கின்றன.

சினிமா ஃபிலிமும் அதேதான். பக்கங்களுக்குப் பதிலாக ஒரு நீண்ட நாடாவில் வரிசையாகச் சின்னச் சின்னப் புகைப்படங்கள். அப்படிப்பட்ட ஒவ்வொரு புகைப்படத்துக்கும் ஃபிரேம் என்று பெயர். 35 மில்லிமீட்டர் அகல ஃபிலிமில் ஒரு மீட்டருக்குச் சுமார் 52 ஃபிரேம்கள் அடங்கும். மெலியெஸின் 20 மீட்டர் படத்தில் ஆயிரத்துச் சொச்சம் ஃபிரேம்கள்.

இப்போது அதே நோட்டில் முதல் 20 பக்கங்களில் நாற்காலியும் அதில் ஓர் ஆளும் வரையுங்கள். 21-ஆம் பக்கத்திலிருந்து வெறும் நாற்காலி மட்டும். புரட்டினால் ஆள் டக்கென்று மறைந்துபோவார். 20-ஆம் பக்கத்தை வரைந்து முடித்து, சாப்பிட்டு, தூங்கி, மறுநாள்தான் 21-ஆம் பக்கத்தைத் தொட்டீர்கள் என்றாலும் நோட்டுக்கு அது தெரியாது. இரண்டு பக்கங்களுக்கும் நடுவே போன நேரம் எங்கேயும் பதிவாகவில்லை.

இந்த விளையாட்டு பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. 20-ஆம் பக்கத்து நாற்காலியும் 21-ஆம் பக்கத்து நாற்காலியும் அச்சு அசலாக ஒரே இடத்தில் இருக்க வேண்டும். நாற்காலி அரை அங்குலம் நகர்ந்திருந்தால் கண்ணுக்கு ஆள் மறைந்த மாதிரி தெரியாது. படம் மாறிவிட்ட மாதிரி தெரியும். மற்றதெல்லாம் அப்படியே இருந்து, ஒன்றே ஒன்று மட்டும் மாறினால்தான் மூளை "அது மறைந்தது" என்று முடிவு கட்டும்.

நிறுத்தினால் என்ன ஆகும்?

சரி, கேமராவை நிறுத்தி ஓட்டினால் இதுதானே நடக்கும்? எங்கே தப்பு?

அந்தக் காலக் கேமராவில் மோட்டார் கிடையாது. பக்கத்தில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றச் சுற்ற ஃபிலிம் ஒரு ஃபிரேம் நகர்ந்து, ஒரு கணம் நின்று, ஒளி வாங்கி, மறுபடி நகரும். விநாடிக்கு ஏறத்தாழ 16 ஃபிரேம்கள் என்ற வேகத்தில் ஒரே சீராகச் சுற்றுவது கேமராக்காரரின் கைத்திறமை. ஒரு ஃபிரேம் வாங்கும் ஒளியின் அளவுக்கு எக்ஸ்போஷர் என்று பெயர். சீராகச் சுற்றினால் எல்லா ஃபிரேமுக்கும் ஒரே எக்ஸ்போஷர்.

நிறுத்தும்போது கை வேகம் குறைந்துதானே நிற்க முடியும்? வேகம் குறையக் குறைய ஒவ்வொரு ஃபிரேமும் அதிக நேரம் ஒளி வாங்குகிறது. மறுபடி சுற்றத் தொடங்கும்போதும் கை மெதுவாகத் தொடங்கித்தான் வேகம் பிடிக்கும். அங்கேயும் சில ஃபிரேம்கள் அளவுக்கு மேல் ஒளி வாங்கும். திரையில் இவையெல்லாம் வெளிறிப்போய்த் தெரியும். பெண் மறையும் அதே கணத்தில் காட்சி பளிச்சென்று வெளுத்துத் திரும்பினால் மாயம் அங்கேயே செத்துவிடும். நோட்டுக் கணக்கில் சொன்னால், 18 முதல் 24 வரை உள்ள பக்கங்கள் மை கொட்டிப் பாழான பக்கங்கள்.

இன்னொரு தொல்லை மனித உடம்பு. பெண் எழுந்து போகும் வரை, எலும்புக்கூட்டைக் கொண்டுவந்து உட்காரவைக்கும் வரை, வித்தைக்காரர் கையை நீட்டியபடி சிலையாக நிற்க வேண்டும். நின்று பாருங்கள். அரை நிமிடத்தில் கை இறங்கும், தலை சாயும், எடை ஒரு காலிலிருந்து மற்றொன்றுக்குப் போகும். மறுபடி கேமரா ஓடும்போது உடம்பு பழைய இடத்தில் இருக்காது. திரையில் அவர் ஒரு துள்ளு துள்ளுவார். வெட்டவெளியில் எடுத்தால் காற்றும் மேகமும் வேறு.

வெட்டு, பிறகு ஒட்டு

பாழான பக்கங்களை என்ன செய்வீர்கள்? கிழித்துப் போடுவீர்கள். மெலியெஸும் அதைத்தான் செய்தார்.

கேமராவுக்குள் ஒளி வாங்கிய மூல ஃபிலிமுக்கு நெகட்டிவ் என்று பெயர். திரையிடும் பிரதிகள் எல்லாம் அதிலிருந்து எடுக்கப்படுபவை. நெகட்டிவைக் கழுவி எடுத்த பிறகு, மாற்றம் நடக்கும் இடத்தில் வெளிறிய ஃபிரேம்களைக் கத்தரித்து எறிந்துவிட்டு, நல்ல ஃபிரேமின் விளிம்பையும் அடுத்த நல்ல ஃபிரேமின் விளிம்பையும் சுரண்டி, பசை தடவிச் சேர்ப்பார்கள். இந்தச் சேர்ப்புக்கு ஸ்ப்ளைஸ் என்று பெயர். நாம் ஒட்டு என்றே சொல்லிக்கொள்வோம். நெகட்டிவிலேயே ஒட்டிவிடுவதால் அதிலிருந்து எடுக்கும் எல்லாப் பிரதிகளிலும் பெண் ஒழுங்காக மறைவார்.

ஒட்டு என்று ஒன்று இருப்பதால் கிடைக்கும் பெரிய வசதி, எங்கே சேர்ப்பது என்பதைப் பிறகு தீர்மானிக்கலாம் என்பதுதான். வித்தைக்காரர் கையை வீசும் அசைவை நிறுத்தத்துக்கு முன்னால் முழுதாகச் செய்துவிட வேண்டும். நிறுத்தத்துக்குப் பிறகு அதே அசைவைக் கொஞ்சம் முன்னாலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும். பிறகு மேஜையில் உட்கார்ந்து இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கையும் தலையும் எந்த இரண்டு ஃபிரேம்களில் மிக நெருக்கமாகப் பொருந்துகின்றன என்று தேடி, அங்கே வெட்டி ஒட்டலாம். அப்போது கை ஓடிக்கொண்டிருக்கும்போதே பெண் மறைகிறார். அசைவு அறுபடாததால் வெட்டு கண்ணில் படாது. இன்றைக்கு எடிட்டிங் பயிலும் மாணவர்களுக்கு முதல் மாதத்தில் சொல்லித்தரும் பாடம், ஓர் அசைவின் நடுவே வெட்டு என்பது. அது இங்கே, ஒரு மேஜிக் ஷோவுக்குள் ஒளிந்துகிடக்கிறது.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. மெலியெஸ் 1923-இல் பண நெருக்கடியில், மனம் வெறுத்துத் தன் நெகட்டிவ்களை எரித்துவிட்டார். அவர் எடுத்த 500-க்கும் மேற்பட்ட படங்களில் சுமார் 200-தான் பிரதிகளாகத் தப்பியிருக்கின்றன. நெகட்டிவில் போட்ட ஒட்டு, பிரதியில் ஒரு மெல்லிய கோடாகப் பதிந்திருக்கும். 1980-களில் ஆய்வாளர்கள், முக்கியமாக மெலியெஸின் கொள்ளுப்பேரனான ழாக் மால்தெத், தப்பிய பிரதிகளை ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்தபோது, மறைதலும் தோன்றுதலும் நடக்கும் இடங்களில் இந்தக் கோடு கிடந்தது. கேமரா நிறுத்தம் மட்டும்தான் என்று அதுவரை எழுதிவந்ததைத் திருத்த வேண்டியதாயிற்று.

சுருக்கமாக: நிறுத்துவது மூலப்பொருளைத் தருகிறது. வெட்டுவது பழுதை நீக்குகிறது. ஒட்டுவதுதான் மறைய வைக்கிறது. மறைந்துபோன பெண் எங்கே போனாள் என்றால், அவள் எழுந்து நடந்த நேரம் கேமராவில் பதியவே இல்லை. அதன் இரண்டு ஓரமும் குப்பைக் கூடையில் விழுந்த துண்டு ஃபிலிமோடு போய்விட்டன.

பஸ்ஸும் பிண வண்டியும்

எங்கும் சொல்லப்படும் அந்தக் கதைக்கு வருவோம். அது வதந்தி இல்லை; மெலியெஸே 1907-இல் ஒரு கட்டுரையில் எழுதியது. பாரிஸின் ஓபெரா சதுக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது கேமராவில் ஃபிலிம் சிக்கிக்கொண்டது. சரிசெய்து மறுபடி ஓட்ட ஒரு நிமிடம் பிடித்தது. அதற்குள் தெருவில் வண்டிகளும் ஆட்களும் மாறிவிட்டார்கள். திரையிட்டுப் பார்த்தால், மத்லேன்–பஸ்தீய் வழித்தடக் குதிரை பஸ் ஒன்று திடீரென்று பிண வண்டியாகிறது, ஆண்கள் பெண்களாகிறார்கள்.

அழகான கதை. அந்தப் படம் இன்று இல்லை; நடந்து பத்து வருடங்களுக்குப் பிறகு, கதை சொல்வதில் தேர்ந்த ஒரு மேடைக்காரர் சொன்னது. பஸ்ஸுக்கு அடுத்து சரியாகப் பிண வண்டியே வந்து நிற்பதில் கொஞ்சம் மேடை வாசனை அடிக்கிறது என்பது என் எண்ணம். அது இருக்கட்டும். கதையைத் திருப்பிச் சொல்கிறவர்கள் எல்லோரும் விட்டுவிடும் ஒரு சின்ன விவரம் அவர் எழுதியதிலேயே உண்டு: அறுந்த இடத்தில் மறுபடி ஒட்டிய நாடாவைத்தான் திரையிட்டதாகச் சொல்கிறார். தற்செயல் என்று அவர் சொல்லும் கதைக்குள்ளேயே ஒட்டு இருக்கிறது!

கண்டுபிடித்தவர் மெலியெஸ்தான் என்பதும் தளர்வாகச் சொல்லப்படுவதே. 1895-இல் அமெரிக்காவில் எடிசன் நிறுவனத்துக்காக ஆல்ஃபிரட் கிளார்க் எடுத்த ஒரு குறும்படத்தில், ஸ்காட்லாந்து ராணி மேரியின் தலை துண்டிக்கப்படுகிறது. ராணி வேடத்தில் இருப்பவர் மண்டியிட்டுத் தலையை வைத்ததும் கேமரா நின்று, அவருக்குப் பதில் ஒரு பொம்மை வைக்கப்பட்டு, கோடாரி இறங்குகிறது. ஒருவர் மட்டும் குனிந்து பார்க்கும் பெட்டியில் ஓடிய படம் அது. பிரான்சின் லூமியர் குடும்பம் தங்கள் சினிமாக் கருவியைக் கொண்டு பாரிஸில் கட்டணம் வாங்கி முதல் காட்சியை நடத்திய 1895 டிசம்பர் 28-க்கும் முந்தையது. அந்தப் பாரிஸ் காட்சியில் மெலியெஸ் இருந்தார், கருவியை விலைக்குக் கேட்டார், மறுத்துவிட்டார்கள். அவர் லண்டனில் ராபர்ட் பால் என்பவரிடம் ஒரு படக்கருவி வாங்கி, அதைப் பிரித்து மேய்ந்து, கேமராவாக மாற்றிக்கொண்டார்.

கிளார்க்குக்கு அந்த ட்ரிக், ஆளைக் கொல்லாமல் ஒரு கொலையைக் காட்டும் வழி. பார்க்கிறவருக்கு மாற்றம் தெரியவே கூடாது. மெலியெஸுக்கு மாற்றமே காட்சி. அதைப் பார்க்கத்தான் ஆட்களைக் கூப்பிடுகிறார். கருவி ஒன்றுதான், அதை வைத்துச் செய்தது வேறு.

கேமரா ஏன் அசையவே இல்லை?

மெலியெஸ் மேல் வைக்கப்படும் பழைய குற்றச்சாட்டு, அவர் நாடகத்தை அப்படியே படமெடுத்தார் என்பது. கேமரா நடுவில் நிற்கும், ஆட்கள் பக்கத்திலிருந்து வருவார்கள், நம்மைப் பார்த்து வணங்குவார்கள். நல்ல டிக்கெட் வாங்கி முன்வரிசையில் உட்கார்ந்த ஒரு ரசிகரின் பார்வை.

வணக்கம் எல்லாம் நாடகத்திலிருந்து வந்ததுதான், மறுக்க முடியாது. ஆனால் அசையாத கேமராவுக்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை. நோட்டில் நாற்காலி அரை அங்குலம் நகர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்தோம். கேமரா ஒரு மயிரிழை அசைந்தாலும் பின்னணி முழுவதும் நகரும், ஒட்டு காட்டிக்கொடுத்துவிடும். மாயம் வேண்டும் என்றால் கேமரா ஆணி அடித்த மாதிரி நிற்க வேண்டும். மேடையைப் போலத் தெரிகிற அந்தச் சட்டம்தான், மேடையில் செய்யவே முடியாத ஒன்றைச் செய்ய இடம் கொடுத்தது.

மாயம் மலிவானால் சிரிப்பு வரும்

ஆரம்பக்காரர்கள் அதிகம் கவனிக்காத விஷயம் ஒன்று. மேடையில் ஒரு பெண்ணை மறைக்க ரகசியக் கதவு, கம்பிச் சட்டம், உதவியாளர்கள், பல வாரப் பயிற்சி எல்லாம் வேண்டும். ஆகவே ஒரு முறை மறைந்ததே பெரிய சாதனை, கைதட்டல் அதற்குத்தான். ஃபிலிமில் மறைவதற்குச் செலவு ஒரு வெட்டு. நூறு முறை மறைக்கலாம். ஆனால் நூறு முறை மறைந்தால் யார் வியப்பார்கள்?

மெலியெஸ் இதை 1896-இல் எடுத்த அந்தக் குட்டிப் படத்திலேயே உணர்ந்திருக்கிறார் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. மேடை வித்தையில் எலும்புக்கூடு கிடையாது, அவர் சேர்த்தது. வித்தைக்காரர் பெண்ணை அழைக்கிறார், வித்தை அவர் பேச்சைக் கேட்காமல் எலும்பைக் கொண்டுவந்து வைக்கிறது. சர்வ வல்லமை படைத்தவராக நின்றவர் ஒரு கணம் முழிக்கிறார். அந்த முழிதான் நகைச்சுவை.

1900-இல் எடுத்த 'லெ தெஸாபியாழ் அம்போசிப்ல்' இதை எல்லைவரை கொண்டுபோகிறது. அந்தப் பெயருக்கு, கழற்ற முடியாத உடை என்று பொருள் கொள்ளலாம். விடுதி அறையில் ஒரு மனிதர் தூங்கப்போகும் முன் உடையைக் கழற்றுகிறார். கோட்டைக் கழற்றி மாட்டினால் உடம்பில் வேறொரு கோட்டு. தொப்பியை எடுத்தால் தலையில் இன்னொன்று. கால்சட்டைக்குக் கீழே கால்சட்டை. வேகம் கூடிக்கொண்டே போகிறது. மனிதர் வெறி பிடித்தவராகிறார். வித்தைக்காரர் என்று இதில் யாரும் இல்லை. வெட்டும் ஒட்டும் சேர்ந்து ஒரு சாதாரண மனிதரைப் போட்டு வதைக்கின்றன. ஒவ்வோர் உடைக்கும் ஒரு நிறுத்தம், ஒரு மாற்றம், ஓர் ஒட்டு. எண்ணிக்கொண்டே பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும், எச்சரிக்கை.

1902-இல் வந்த நிலாப் பயணப் படத்தில், நிலாவாசிகளைக் குடையால் ஒரு தட்டுத் தட்டினால் புஸ்ஸென்று புகையாகிவிடுவார்கள். இதிலும் அதே வேலைதான். ஆள் விலகியதும் அந்த இடத்தில் புகை எழுப்பப்படுகிறது. புகை வெறும் அலங்காரம் இல்லை. இரண்டு துண்டுகளும் கொஞ்சம் பொருந்தாமல் போனாலும் நம் கண் அதைக் கவனிக்காது. நம் பக்கத்துப் புராணப் படங்களில் நாரதர் மறையும்போதும், விட்டலாச்சார்யா படங்களில் மந்திரவாதி தோன்றும்போதும் குபீரென்று வரும் புகைக்கும் இதே உபயோகம் உண்டு. டைட்டிலில் 'தந்திரக் காட்சிகள்' என்று போடுவார்களே, அந்தப் பட்டியலில் மிகப் பழைய தந்திரம் இது.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொரு ட்ரிக்

மெலியெஸ் தன் தலையைக் கழற்றி மேஜை மேல் வைக்கும் படம் ஒன்று உண்டு, 1898-இல் எடுத்தது. கழுத்தில் புதுத் தலை முளைக்கிறது. அதையும் கழற்றி வைக்கிறார். கடைசியில் மேஜையில் இருக்கும் தலைகள் இவரோடு சேர்ந்து பாட, சத்தம் பொறுக்காமல் கையிலிருக்கும் பான்ஜோ என்ற தந்தி வாத்தியத்தாலேயே அவற்றை அடிக்கிறார். இதையும் "கேமராவை நிறுத்தி எடுத்தது" என்று சொல்வார்கள்.

இங்கே ஒட்டும் உண்டு. ஆனால் ஒரே மனிதர் ஒரே நேரத்தில் பல இடங்களில் தெரிவது வேறு வழியில் வந்தது. ஒரே ஃபிலிமைத் திரும்பச் சுற்றி, மறுபடி கேமராவுக்குள் விட்டு, அதே ஃபிரேமில் இரண்டாம் முறை ஒளி விழச் செய்வார்கள். இதற்கு இரட்டை எக்ஸ்போஷர் என்று பெயர். பின்னணி கறுப்பாக இருந்தால் அந்த இடத்தில் ஃபிலிம் ஒளி வாங்காமல் காத்திருக்கும்; பிறகு உடம்பைக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு தலையை மட்டும் காட்டினால், காலி இடத்தில் தலை மட்டும் பதியும். ஒட்டு என்பது ஃபிரேமுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே நடக்கிற வேலை. இரட்டை எக்ஸ்போஷர் ஒரே ஃபிரேமுக்குள் நடக்கிற வேலை. ஒன்று மறைந்தால் முதலாவது, ஒன்று பலவானால் இரண்டாவது என்று வைத்துக்கொண்டால் அவருடைய பெரும்பாலான படங்களைப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

கைபேசியில் செய்து பார்க்க

கைபேசியைக் கையில் பிடிக்காதீர்கள். ஸ்டாண்டிலோ, அடுக்கிய புத்தகங்களின் மேலோ அசையாமல் நிறுத்துங்கள். ரெக்கார்டிங்கை இடையில் நிறுத்தவே வேண்டாம். நாற்காலியில் ஒருவரை உட்காரவைத்து, நீங்கள் பக்கத்தில் நின்று கையை மேலிருந்து கீழே வீசுங்கள். அவர் எழுந்து போகட்டும், அவசரமில்லை. பிறகு அதே இடத்தில் நின்று அதே கைவீச்சைக் கொஞ்சம் முன்னாலிருந்தே தொடங்கிச் செய்யுங்கள். எடிட் செய்யும் செயலியில் நடுப்பகுதியை வெட்டி எடுங்கள். கேமராவை ஒரு முறைகூட நிறுத்தாமலே ஆள் மறைந்துவிடுவார்.

வெட்டும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் நேரம் போகும். கை வேகமாக ஓடும் ஃபிரேம்களில் உருவம் கலங்கியிருக்கும். அங்கே வெட்டினால் சின்னச் சின்னப் பொருத்தக் குறைகள் தெரியாது. கை நின்ற பிறகு வெட்டினால் எல்லாமே தெரியும். எக்ஸ்போஷரைப் பூட்டி வைக்கும் வசதி கைபேசியில் இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் ஆள் எழுந்ததும் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, மெலியெஸுக்கு வந்த அதே தொல்லையை உங்களுக்கும் கொடுக்கும். முதல் முயற்சியில் பெரும்பாலும் காட்டிக்கொடுப்பது பின்னால் ஆடும் திரைச்சீலைதான். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை அணைத்துவிட்டு மறுபடி எடுங்கள்.